பல்பு கரண்டைத் தின்னுமா? அறிவியல் ஆசிரியராகப் போகிறவர்களும் புதிய கருவிகளும்

ஆண்டுதோறும் பி.எட். படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வருவார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராயக்கோட்டைப் பக்கம் இருக்கிற ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. நான் அங்கே அறிவியல் ஆசிரியர். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியரும் நான்தான். அவர்கள் பேச்சில் 'கைடு டீச்சர்'. வந்த முதல் நாள் அவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "மேடம், ஸ்மார்ட் போர்டு இருக்கா? நெட் கிடைக்குமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளைகள், "மேடம், இந்தப் பாடத்துல பசங்க எங்க தடுமாறுவாங்க?" என்று கேட்கத் தொடங்கினால் எனக்கு மனம் நிறைந்துவிடும். தடுமாறும் இடம் எது என்று தெரிந்த பிறகு கருவியைத் தேடினால், அந்தக் கருவிக்கு வகுப்பில் ஒரு வேலை இருக்கும். தெரியாமல் எடுத்துப்போனால் பிள்ளைகள் ஆர்வமாகப் பார்ப்பார்கள், மணி அடித்ததும் எழுந்து போவார்கள். அறிவியல் ஆசிரியர்களைப் புதிய தொழில்நுட்பத்துக்குத் தயார்செய்வது என்று கல்வியியலில் பேசுகிறார்களே, அதில் நான் முக்கியமாக நினைப்பது இந்த வரிசையைத்தான். பி.எட். சேரப்போகிறவர்களுக்கும், சேர்ந்துவிட்டு எந்தச் செயலியைக் கற்றுக்கொள்வது என்று குழம்பி நிற்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கருத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1986-இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் ஒன்றைச் சொன்னார். ஆசிரியருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும், வகுப்பு நடத்தவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. இந்த இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு ஒன்று இருக்கிறது என்றார் அவர். ஒரு குறிப்பிட்ட பாடத்தை ஒரு குறிப்பிட்ட வயதுப் பிள்ளைக்கு எந்த உதாரணத்தால் விளக்கலாம், அந்தப் பிள்ளை மனதில் ஏற்கெனவே என்ன தப்பான எண்ணம் இருக்கும், எந்த இடத்தில் வழுக்கும் என்று தெரிந்திருப்பதே அது. ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் பொறியாளருக்கு என்னைவிட மின்சாரம் நன்றாகத் தெரியும். ஏழாம் வகுப்புப் பிள்ளை மின்சுற்றைப் பார்க்கும்போது என்ன நினைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

இருபது ஆண்டு கழித்து, 2006-இல், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புண்ய மிஸ்ராவும் மேத்யூ கோலரும் இதோடு தொழில்நுட்பத்தைச் சேர்த்தார்கள். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வட்டங்கள்: பாடம், கற்பித்தல், தொழில்நுட்பம். மூன்றும் சேரும் நடுப்பகுதிதான் ஆசிரியருக்கு வேண்டிய அறிவு. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டிபேக்' என்று சொல்வார்கள். பி.எட். தேர்வில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் எல்லோரும் குறித்துவிடுவார்கள். வகுப்பறையில் அந்த நடுப்பகுதி எப்படி இருக்கும் என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை.

பிடிபடாததற்கு ஒரு காரணம், நாம் மூன்றையும் தனித்தனியாகக் கற்றுக்கொள்வது. பி.எட். படிப்பு 2015-இலிருந்து இரண்டு ஆண்டாக ஆனபோது, தகவல் தொழில்நுட்பமும் அதில் ஒரு பகுதியாக வந்தது. நல்ல விஷயம். ஆனால் கணினி ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் ஸ்லைடு தயாரிக்கப் பழகிவிட்டு, அடுத்த மணி நேரம் வேறு அறையில் அறிவியல் கற்பித்தல் படித்தால், இரண்டும் தாமாகப் போய் ஒட்டிக்கொள்ளாது. ஒட்டவைக்க ஒரு பாடம் வேண்டும். நான் எப்போதும் எடுத்துக்கொள்வது மின்னோட்டம்.

மின்னோட்டம் பாடத்தில் நடப்பது

ஒரு பேட்டரி, ஒரு சிறு பல்பு. பல்புக்கு முன்னால் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் ஒன்று, பின்னால் இன்னொன்று. எது அதிகம் காட்டும்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "முன்னாடி இருக்கறதுதான் அதிகம் காட்டும் டீச்சர், பல்பு கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கும்ல?" என்று பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். உலகத்தின் பல நாடுகளிலும் பிள்ளைகள் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு நம் பேச்சும் துணைபோகிறது என்பது என் எண்ணம். கரண்ட் வந்துச்சு, கரண்ட் போச்சு, கரண்ட் பில், கரண்ட் இழுக்குது. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்னாற்றல் மூன்றுக்கும் வீட்டில் ஒரே சொல். கரண்ட் பில்லில் நாம் காசு கொடுப்பது ஆற்றலுக்கு. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஆற்றல் உண்மையிலேயே செலவாகிறது. மின்னோட்டம் செலவாவதில்லை, முன்னாலும் பின்னாலும் அதே அளவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளை, பல்பு கரண்டைத் தின்கிறது என்று நினைப்பதில் அந்தப் பிள்ளையின் தவறு எதுவும் இல்லை.

பயிற்சிக்கு வந்த ஒருவர் இந்தப் பாடத்துக்கு நல்ல காணொளி ஒன்றைத் தேடிப்பிடித்துக் காட்டினார். படம் அழகு, குரல் தெளிவு. மறுநாள் நான் அதே அம்மீட்டர் கேள்வியைக் கேட்டேன். அதே பதில்தான் வந்தது. அவர் முகம் வாடிவிட்டது. காணொளியில் குறையில்லை. பிள்ளைகள் மனதிலிருந்த எண்ணத்தை அது தொடவே இல்லை, அவ்வளவுதான்.

சரி, நேரடிச் சோதனையே செய்துவிடலாம் என்று இரண்டு அம்மீட்டரை மாட்டினோம். முதலில் ஊகம் எழுதச் சொல்லி, பிறகு பார்க்கச் சொல்லி, அப்புறம் விளக்கச் சொல்லும் முறை இது. ரிச்சர்டு வைட்டும் ரிச்சர்டு கன்ஸ்டனும் 1992-இல் எழுதிப் பரவலாக்கியது. ஊகி, பார், விளக்கு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். முன்மீட்டர் 0.22 ஆம்பியர் காட்டியது, பின்மீட்டர் 0.20. பிள்ளைகள் குதித்தார்கள்: "பாத்தீங்களா, குறைஞ்சிருக்கு!" பழைய மீட்டர், ஊசி கொஞ்சம் பிசகும். ஆனால் அந்தச் சிறு பிசகு அவர்களுடைய தவறான எண்ணத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

சிமுலேஷனுக்கு, அதாவது நடப்பதைத் திரையில் போலச்செய்து காட்டும் நிரலுக்கு, வேலை வந்தது இந்த இடத்தில்தான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' என்ற இலவசத் தொகுப்பில் மின்சுற்று கட்டும் சிமுலேஷன் ஒன்று இருக்கிறது. இயற்பியலில் 2001-இல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது இந்தத் திட்டம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் புள்ளிகளாக நகர்வதை அதில் பார்க்கலாம். பல்புக்குள் போகும் புள்ளிகளும் வெளியே வரும் புள்ளிகளும் ஒரே வேகத்தில், ஒரே நெருக்கத்தில் போகின்றன. எந்தப் புள்ளியும் பல்புக்குள் காணாமல் போவதில்லை. பிள்ளைகள் அதைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண், "அப்போ நம்ம மீட்டர் ஏன் வேற காட்டுச்சு?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் சிமுலேஷனில் இல்லை, மேசைமேல் இருந்தது. இரண்டு மீட்டரையும் இடம் மாற்றி மாட்டினோம். இப்போது பின்னால் இருக்கிற மீட்டர் 0.22 காட்டியது. வித்தியாசம் மீட்டரோடு சேர்ந்து இடம் மாறியதால் குறை மீட்டரில்தான், மின்னோட்டத்தில் இல்லை. அந்த வகுப்பில் மின்னோட்டத்தைவிடப் பெரிய ஒன்றைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்: அளக்கும் கருவியையும் சந்தேகிக்கலாம், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவும் ஒரு வழி உண்டு.

2005-இல் கொலராடோவில் செய்த ஓர் ஆய்வு இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு உண்மையான கம்பியும் பல்பும் வைத்துச் சோதனை செய்தது, இன்னொரு குழு சிமுலேஷனில் செய்தது. கருத்துக் கேள்விகளில் சிமுலேஷன் குழு முன்னணியில் இருந்தது. உண்மையான சுற்றைக் கட்டி விளக்கச் சொன்னபோதும் அவர்களே நன்றாகச் செய்தார்கள். இதைப் படித்துவிட்டு ஆய்வகத்தைப் பூட்டிவிடலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிய பாடத்தில், தெரியவைக்கும் கருவி எவ்வளவு உதவும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

சிமுலேஷன் மறைப்பவையும் உண்டு. திரையில் புள்ளிகள் விறுவிறுவென்று ஓடும். உண்மையில் சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான்கள் ஒட்டுமொத்தமாக நகரும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அப்படியானால் ஸ்விட்சைப் போட்டவுடன் பல்பு எப்படி எரிகிறது? சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதித்ததும் செயின் முழுவதும் சேர்ந்து நகர்கிறது. முன்பல்சக்கரத்தில் இருக்கும் கண்ணி பின்சக்கரம் போய்ச் சேரும்வரை சக்கரம் காத்திருப்பதில்லை. செயினில் ஒரு கண்ணிகூடச் செலவாவதும் இல்லை, ஆனால் மிதிக்கிறவருக்கு மூச்சு வாங்குகிறது. பயிற்சி ஆசிரியர் ஒரு கருவியை எடுக்கும்போதெல்லாம் அது எதைக் காட்டுகிறது, எதைத் தவறாகக் காட்டக்கூடும் என்று இரண்டையும் எழுதிவைக்கச் சொல்வேன். நீர் மூலக்கூறை நீலப் பந்தாகக் காட்டினால், மூலக்கூறுக்கே நீல நிறம் என்று நினைக்கும் பிள்ளை கட்டாயம் இருக்கும்.

எப்போது கருவி வேண்டும்

எனக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. பாடப்பொருள் கண்ணுக்கு மிகச் சிறியதா, மிக வேகமானதா, மிக மெதுவானதா, தொட்டால் ஆபத்தா, தொலைவில் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தால் கருவியைத் தேடலாம். வேப்பிலையின் நரம்பமைப்பைத் திரையில் காட்ட வேண்டியதில்லை. மரம் வாசலில் நிற்கிறது.

மெதுவானதற்கு நம் ஊர் மாம்பழமே போதும். ஜூனில் பள்ளி திறக்கும்போது மாங்காய் எங்கும் கிடைக்கும். ஒரு மாங்காயைக் காகிதப் பையில் வாழைப்பழத்தோடு வைத்து, இன்னொன்றைத் தனியாக வைத்து, தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து ஃபோனில் படம் எடுத்துச் சேர்த்தால், வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு என்ன செய்கிறது என்பதைப் பிள்ளைகளே பார்த்துவிடலாம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதை ஏன் தடை செய்திருக்கிறார்கள் என்ற பேச்சும் அங்கேயே வந்துவிடும்.

வேகமானதற்கு ஒலி. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட 'ஃபைபாக்ஸ்' என்ற இலவசச் செயலி, ஃபோனுக்குள் இருக்கிற உணரிகளை ஆய்வகக் கருவிகளாக்கிவிடுகிறது. அதில் ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கி இரண்டாம் சத்தத்தில் நிற்கும். மைதானத்தில் 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஃபோன், ஒவ்வொன்றின் அருகிலும் ஒருவர். முதலாமவர் கை தட்டுகிறார். அவர் ஃபோன் உடனே தொடங்குகிறது. ஒலி 5 மீட்டர் போய்ச் சேர்ந்த பிறகு மற்றது தொடங்குகிறது. அடுத்து இரண்டாமவர் தட்டுகிறார். அவர் ஃபோன் உடனே நிற்கிறது. ஒலி திரும்ப 5 மீட்டர் வந்த பிறகு முதல் ஃபோன் நிற்கிறது. இரண்டு ஃபோனும் காட்டும் நேரத்தின் வித்தியாசம், ஒலி 10 மீட்டர் கடக்க எடுத்துக்கொண்ட நேரம். நம் வெயிலில் அது ஏறத்தாழ 0.029 நொடி. 10-ஐ அதால் வகுத்தால் நொடிக்கு சுமார் 345 மீட்டர். பாடநூலில் மனப்பாடம் செய்த எண் மைதானத்தில் கிடைக்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். இணையமும் தேவையில்லை.

ஆனால் பயிற்சி ஆசிரியர் இதை வகுப்புக்கு முன்னால் பத்து முறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் சத்தத்துக்கே கடிகாரம் ஓடத் தொடங்கும். எவ்வளவு சத்தத்துக்கு மேல் தொடங்க வேண்டும் என்ற அளவை மாற்றத் தெரியாவிட்டால் பாடவேளை முழுக்க அதிலேயே போய்விடும்.

சில ஃபோன்களில் காற்றழுத்தம் அளக்கும் உணரியும் இருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போகும் பஸ்ஸில் அதைத் திறந்துவைத்தால் எண் இறங்கிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். கிருஷ்ணகிரியைவிட ஓசூர் கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரம். அழுத்தம் 40 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குக் குறையும். ஓசூரில் தண்ணீர் 100 டிகிரியில் இல்லாமல் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கிறது என்று சொன்னால், அந்தப் பஸ்ஸில் போன பிள்ளைக்குக் காரணம் சொல்லத் தெரியும்.

காகிதத்தை மடித்துச் செய்யும் 'ஃபோல்டுஸ்கோப்' நுண்ணோக்கி, ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கியது, சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். ஃபோன் கேமராவோடு பொருத்திக் குளத்து நீரைப் படம் எடுக்கலாம். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் வெப்ப உணரியை மாட்டிப் பதிவுசெய்யலாம். கண்ணில் மாட்டிக்கொண்டு முப்பரிமாணக் காட்சி பார்க்கும் மெய்நிகர் கண்ணாடி (வி.ஆர்.) பற்றியும் கேட்கிறார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கண்ணாடி என்றால் அது வரிசையில் நிற்கும் பயிற்சியாகிவிடும். இப்போதைக்கு அதில் நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

நம் தண்ணீர் ஒரு பாடம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையில் இருக்கும் கனிமங்களிலிருந்து, ஆழத்தில் நெடுநாள் தங்கிய நீரில் அது கரைகிறது. இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீரே இல்லாதபோது 1.5 வரை. அதைத் தாண்டிய நீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். பல ஆண்டு போனால் எலும்பும் மூட்டும் பாதிக்கும். ஜப்பானியக் கடனுதவியோடு காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது இதற்காகத்தான்.

தரவு, உணரி, வரைபடம் என்று கல்லூரியில் பேசுவதையெல்லாம் ஒரே இடத்தில் பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. சோதனைப் பெட்டியில் வரும் சிவப்புக் கரைசல், ஃபுளோரைடு கூடக்கூட வெளிறி மஞ்சள் பக்கம் போகும். அமிலம் கலந்தது, ஆகவே ஆசிரியர்தான் கையாள வேண்டும். நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதற்குப் பதில் ஃபோனில் படம் எடுத்து நிற அளவை எண்ணாக எடுக்கலாம். ஒரு முறை இதைச் செய்த பயிற்சி ஆசிரியருக்கு, ஒரே நீர் காலையில் ஓர் எண்ணும் மாலையில் வேறோர் எண்ணும் காட்டியது. வெளிச்சம் மாறியதும் கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்துகொள்கிறது, அதுதான் காரணம். பிறகு எல்லாக் குழாயையும், அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களையும், ஒரு வெள்ளைத் தாளையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்தார். கருவி எங்கே பிசகும் என்ற பழைய அம்மீட்டர் பாடம்தான் இங்கே திரும்ப வருகிறது.

அதன் பிறகு அட்டவணை. எந்த ஆழத்துக் கிணறு, எவ்வளவு ஃபுளோரைடு. ஆழத்தை ஒரு பக்கமும் அளவை மறுபக்கமும் வைத்து வரைபடம் போட்டால் பேச நிறையக் கிடைக்கும்.

இந்தப் பாடத்தில் தொழில்நுட்பத்தைவிட ஒன்றில் நான் கண்டிப்பாக இருப்பேன். கறை படிந்த பல்லோடு அந்த வகுப்பிலேயே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். பல்லின் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டிப் பாடத்தைத் தொடங்கினால் அந்தப் பிள்ளை அன்றைக்கு உங்களிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளாது. தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளின் முகத்தையோ பல்லையோ ஃபோனில் எடுக்க வேண்டாம்; அட்டவணையில் வீட்டுப் பெயர் வேண்டாம், கிணற்றுக்கு ஓர் எண் போதும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழானவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் வராவிட்டாலும் நாம் இப்படித்தான் செய்ய வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சொல்லவும் இதே பாடம்தான் எனக்கு உதவியது. ஒரு பயிற்சி ஆசிரியர் ஃபுளோரைடு பாடத்துக்கான குறிப்பை ஒரு செயலியிடம் கேட்டு வாங்கிவந்தார். தமிழ் சரளமாக இருந்தது. அதில் ஒரு வரி: 'தண்ணீரை நன்கு கொதிக்கவைத்துக் குடித்தால் ஃபுளோரைடு நீங்கும்.' இது தவறு, அதுவும் ஆபத்தான தவறு. கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர். ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கி, மிச்ச நீரில் அடர்த்தி கூடிவிடும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும் என்ற சரியான செய்தி எங்கும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இந்தச் செயலிகள் ஏராளமான எழுத்துகளைப் பார்த்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியம் கட்டுபவை. 'கொதிக்கவைத்தால்' என்பதற்கு அடுத்து 'நீங்கும்' வருவது அவற்றுக்கு இயல்பு. அந்தக் குறிப்பை வகுப்பில் படித்திருந்தால், பிள்ளைகள் வீட்டில் போய் அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள்.

அதனால் அந்தச் செயலியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு பயிற்சியாக மாற்றினோம். பதிலை அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு, பாடநூலைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி திருத்த வேண்டும். எங்கே தவறு என்று மட்டும் குறித்தால் போதாது, ஏன் தவறு என்றும் எழுத வேண்டும். இதைச் செய்ய முடிந்தவருக்கு அந்தச் செயலி உதவும். பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு என்னென்ன தவறான பதில் சொல்லக்கூடும் என்று கேட்டால் நல்ல பட்டியல் தரும், பத்திக் கேள்விகளை எளிமைப்படுத்தித் தரும். பாடத்தில் பிடி இல்லாதவருக்கு அதில் தவறு எது என்று தெரிய வழியே இல்லை.

எப்படிப் பழக்குவது

டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர் அதற்கு முன்பே பல்லாண்டு பள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். எப்படிக் கற்பிப்பது என்ற சித்திரம் அவருக்குள் அப்போதே பதிந்துவிடுகிறது. சிமுலேஷனை வைத்து ஒருவர் கேள்வி கேட்டு நடத்திய வகுப்பில் தான் மாணவராக உட்கார்ந்ததே இல்லை என்றால், அதை எப்படி நடத்துவார்? ஆகவே கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களே முதலில் இப்படி நடத்திக் காட்ட வேண்டும். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தொழில்நுட்பத்தின் பயன்கள் என்று பத்துக் குறிப்பு எழுதவைப்பதைவிட, ஒரு மாலை மைதானத்தில் கை தட்டி ஒலியின் வேகம் அளப்பது மேல்.

அடுத்தது நுண்நிலைக் கற்பித்தல். 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த இந்த முறை எல்லா பி.எட். கல்லூரியிலும் நடக்கிறது: ஐந்தாறு நிமிடம், ஒரு திறன், எதிரே சக மாணவர்கள். அவர்கள் பெரும்பாலும் எல்லாம் தெரிந்தவர்களாகத் தலையாட்டி உட்கார்ந்திருப்பார்கள். அதை மாற்றுங்கள். ஒருவர் 'பல்பு கரண்டைத் தின்னும்' என்று உறுதியாக நம்பும் பிள்ளையாக இருக்கட்டும், எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பாதியில் ஒருவர் ப்ரொஜெக்டரை அணைத்துவிடட்டும். இன்னொருவர் ஃபோனை மூலையில் நிறுத்திக் காணொளி எடுக்கட்டும். பிறகு சேர்ந்து பாருங்கள். கருவி வந்த பிறகு ஆசிரியர் கண் பிள்ளைகள் மேல் இருந்ததா, திரை மேலா? பள்ளியில் இப்படி எடுக்கும்போது பிள்ளைகள் முகம் வராமல் ஆசிரியரை மட்டும் எடுங்கள். குழுவில் ஃபோன் யார் கையில் இருந்தது என்பதையும் கவனியுங்கள். பார்த்துக்கொள்ளாவிட்டால் அது பையன்கள் கையிலேயே சுற்றும்.

இரண்டாம் ஆண்டில் பள்ளியில் இருக்கும் 16 வாரம் பெரிய வாய்ப்பு. ஒரே பாடத்தை 'அ' பிரிவில் நடத்தி, அன்று மாலையே திருத்தி, மறுநாள் 'ஆ' பிரிவில் நடத்துங்கள். எங்கள் பள்ளியில் பாடக்குறிப்பின் கடைசியில் இரண்டு வரி கூடுதலாக எழுதச் சொல்கிறேன்: 'இந்தக் கருவி எந்தத் தடுமாற்றத்துக்காக?', 'கருவி வேலை செய்யாவிட்டால்?' அஞ்செட்டி, பென்னாகரம் மலைப்பக்கமெல்லாம் சிக்னலை நம்பி வகுப்புக்குள் போக முடியாது. ஃபெட் சிமுலேஷன்களைத் தரவிறக்கி பென்டிரைவில் கொண்டுபோனால் இணையம் இல்லாமலே ஓடும். 2018-இலிருந்து நம் பாடநூல்களில் வந்த க்யூஆர் குறியீடுகளின் காணொளிகளையும் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

மொழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. மின்னழுத்தம், மின்தடை என்ற சொற்கள் தமிழ் பேசும் பிள்ளைக்கே புதிது. சிமுலேஷனைப் பேசாமல் ஓடவிட்டு, பார்த்ததை அவர்கள் மொழியில் சொல்லவிட்டு, அப்புறம் பாடநூல் சொல்லைக் கொடுத்தால் அது ஒட்டிக்கொள்கிறது. காட்சி முதலில், சொல் பின்னால்.

போன பருவத்தில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் மின்னோட்டம் பாடத்தை 'ஆ' பிரிவில் நடத்திக்கொண்டிருந்தார். நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். திரையில் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தபோது ப்ரொஜெக்டர் அணைந்தது, மின்விசிறியும் நின்றது. "டீச்சர், கரண்ட் போச்சு!" என்று வகுப்பே கத்தியது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "போச்சுன்னா, சரியா எது போச்சு?" என்று கேட்டார். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. எலக்ட்ரான் போச்சு என்றான் ஒருவன். எங்க போச்சு என்றாள் இன்னொருத்தி. ஜன்னல் ஓரத்திலிருந்த பையன் எழுந்து நின்று சொன்னான்: "எலக்ட்ரான் கம்பிக்குள்ளயேதான் இருக்கு டீச்சர். தள்ளுறதுதான் நின்னுபோச்சு."